மாமூல்பேட்டை சரக்குல ஒரு ஹாதார்ன் அக்கார்ட்

ஹாதார்ன் பூ வாசனை வேணும்னு எந்த கெமிக்கல் கடையில கேட்டாலும் கையில குடுக்கறது ஒரே பாட்டில் தான், அனிசிக் ஆல்டிஹைட். பழைய பெர்ஃப்யூமரி கேட்டலாக்ல இதுக்கு ஒபேபின்னே பேரு போட்டிருக்கும், அந்தப் பூவோட ஃப்ரெஞ்சு பேர அப்படியே கெமிக்கலுக்கு வச்சுட்டாங்க. நான் பெங்களூர் பீன்யா பக்கம் ஒரு லேப்ல வேலை பார்த்தப்போ தினமும் இது கூட தான் குடித்தனம். டிஎல்சி ப்ளேட் (ஒரு கலவையில என்னென்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டற தகடு) ஓட்டினவங்களுக்கு தெரியும், அனிசால்டிஹைடு, சல்ஃப்யூரிக் ஆசிட், அசிடிக் ஆசிட், எத்தனால் கலந்த ஸ்டெயின்ல ப்ளேட்ட முக்கி ஹாட் ப்ளேட்ல வச்சா டெர்பீன்னு சொல்ற வாசனை எண்ணெய்ப் பொருள் எல்லாம் ஊதா, நீலம்னு தெரியும், கூடவே சோம்பும் பவுடரும் கலந்த மாதிரி ஒரு இனிப்பு வாசனை ரூம் பூரா பரவும். அந்த வாசனை எனக்கு ரொம்ப பிடிக்கும், ஸ்டெயின் புதுசா போடற வேலைய நானே கேட்டு வாங்கிப்பேன்.

அப்புறம் வேலை விஷயமா இங்கிலாந்து போயிருந்தப்போ மே மாசம். ஊருக்கு வெளிய வயல் ஓரமா நடந்தா வேலி முழுக்க வெள்ளைப் பூ, இலை கூட தெரியாத அளவுக்கு. ரெண்டடி தள்ளி நின்னா அதே டிஎல்சி ஸ்டெயின் வாசனை, கூட கொஞ்சம் பாதாம், கொஞ்சம் தேன், பச்சை இலை. கிட்ட போய் மூக்க வச்சா மீன். சும்மா சொல்லல, நேத்து மீன் கழுவின பாத்திரத்துல இருந்து வருமே அந்த வாடை, அது அந்த இனிப்புக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கு. ரெண்டையும் பிரிக்க முடியாது. அந்த வேலிய விட்டு நகர மனசே வரல. பெங்களூர் திரும்பி வந்ததுல இருந்து அந்த முழு வாசனையையும் கையால கட்டிப் பார்க்கணும்னு இருந்தது, இந்தப் பதிவு அதோட செய்முறை தான், பல பொருள கலந்து ஒரே வாசனையா கட்டறத தான் அக்கார்ட்னு சொல்வாங்க.

முதல்ல பூவப் பத்தி. ஹாதார்ன் ரோஜா குடும்பத்து முள் மரம், க்ராடேகஸ் இனம். இங்கிலாந்து வேலியில நிறைய இருக்கறது க்ராடேகஸ் மோனோகைனா. 18, 19ம் நூற்றாண்டுல பொது நிலத்த எல்லாம் வேலி போட்டு அடைச்சாங்க இல்லையா, அப்போ நட்ட வேலி பெரும்பாலும் இது தான், முள்ளு அடர்த்தியா வளரும், மாடு தாண்டாது. மே மாசம் பூக்கறதால அதுக்கு மே-ன்னே ஒரு பேரு இருக்கு. ஆனா இப்ப மே 1ம் தேதி பார்த்தா பல இடத்துல பூ இருக்காது. 1752ல அவங்க காலண்டர மாத்தினப்போ 11 நாள் காணாம போச்சு, பழைய மே தினம் இன்னைக்கு கணக்குக்கு மே நடுவுல விழும், அப்போ போனா பூ நிச்சயம்.

இந்தப் பூவ வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது, வந்தா சாவு வரும்னு அங்க கிராமத்துல ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை. அதுக்கு பின்னாடி ட்ரைமெத்திலமீன் இருக்கு. ஹாதார்ன் பூவுல இருந்து வர்ற அந்த மீன் வாடைக்கு காரணம் இது தான், உடம்பு அழுக ஆரம்பிக்கும் போது முதல்ல உண்டாகற பொருள்கள்ல இதுவும் ஒண்ணு. வீட்டுல பிணத்த வச்சிருந்த காலத்து மூக்குக்கு அது உடனே தெரிஞ்சிருக்கும். பூவுக்கு இது எதுக்குன்னா ஈக்காக. அழுகல் வாடைய தேடி வர்ற ஈ இந்தப் பூவுல உட்கார்ந்து மகரந்தத்த எடுத்துட்டுப் போகும்.

பெர்ஃப்யூம் ஆளுங்க இந்தப் பாதிய விட்டுட்டாங்க. அவங்க எடுத்தது பவுடர் பாதி மட்டும். 1906ல ஜாக் கெர்லேன் செஞ்ச ஆப்ரே லோந்தே தான் இதுல பெரிய உதாரணம், வயலட், ஹாதார்ன், ஹீலியோட்ரோப், கொஞ்சம் சோம்பு, எல்லாமே மெல்லிசா, அழகா இருக்கும், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா வேலிக்குப் பக்கத்துல நின்ன எனக்கு அது மழைக்கு அப்புறம் ஜன்னல் வழியா பார்க்கற ஹாதார்ன். எனக்கு வேண்டியது ஜன்னலத் திறந்துட்டு வெளிய போனா வர்றது. அந்த அழுக்கு வாடை இல்லைன்னா அது பூவா ஆகறதே இல்ல, பவுடராவே நின்னுடுதுங்கறது என்னோட கட்சி.

சரி, சரக்கு. சிக்பேட் மெட்ரோல இறங்கி அவென்யூ ரோடு, மாமூல்பேட்டைன்னு உள்ள போனா அகர்பத்திக்கும் சோப்புக்கும் சரக்கு விக்கற கடைங்க சந்துக்கு சந்து இருக்கு. பெங்களூரும் மைசூரும் ஊதுபத்தி ஊருங்கறதால பெர்ஃப்யூம் கத்துக்கறவங்களுக்கு இது ஒரு பெரிய கொடுப்பினை, மத்த ஊர்ல கொரியர்ல வரவழைக்கற பொருள இங்க மூடியத் திறந்து மோந்து பார்த்துட்டு வாங்கலாம். நான் வழக்கமா போற கடை பாய் வேலூர்க்காரர், அவங்க அப்பா காலத்துல இருந்து இங்க கடை. ஹாதார்ன் பண்ணப் போறேன்னதும், "தம்பி, அனிசிக்க டெர்பினியோல் கூட போடு, கொஞ்சம் ரோஸ் ஆல்கஹால் விடு, முடிஞ்சுது, சோப்புக்கு அப்படித்தான் போவுது"ன்னாரு. அவர் சொன்னது சரியான எலும்புக்கூடு, என் ஃபார்முலாவோட அடித்தளம் அவர் சொன்ன அதே மூணு பொருள் தான்.

"அந்தப் பூவுல மீன் வாடையும் இருக்கு பாய்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. "அத எவன் தம்பி காசு குடுத்து வாங்குவான்?"

வாங்கினது: அனிசிக் ஆல்டிஹைட், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் (பாய் சொன்ன ரோஸ் ஆல்கஹால் இது தான்), டெர்பினியோல், லினலூல், ஹெடியோன், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், கூமரின், பீட்டா அயனோன், அனிசைல் ஆல்கஹால், பாரா மெத்தில் அசிட்டோஃபீனோன், பென்சால்டிஹைடு, இண்டோல், ஃபினைல் அசிட்டால்டிஹைடு டைமெத்தில் அசிட்டால், சிஸ்-3-ஹெக்ஸினைல் அசிடேட். கரைக்க டைப்ரொப்பலின் க்ளைக்கால், அதாவது டிபிஜி. ஹீலியோட்ரோப்பின் மட்டும் வேணும்னே விட்டேன். ஹாதார்ன்ல அது ரொம்ப அழகா உட்காரும், ஆனா அது எம்டிஎம்ஏ போதைப் பொருள் செய்ய உதவற மூலப்பொருள், 1988 ஐநா ஒப்பந்தத்துல முதல் அட்டவணையிலயே இருக்கு, வீட்டுல உட்கார்ந்து பொழுதுபோக்குக்கு செய்யறவன் அத வாங்கி வைக்க வேண்டிய அவசியம் இல்ல. அதோட இடத்த கூமரினும் அனிசைல் ஆல்கஹாலும் பாதி நிரப்பிடும்.

வீட்டுல ஏற்கனவே ஒரு பழைய அனிசிக் பாட்டில் பாதி இருந்தது, மூடி ஓரத்துல வெள்ளையா படிகம் கட்டி. இது எல்லா வீட்டு பாட்டில்லயும் நடக்கும், காத்து பட்டா ஆல்டிஹைடு மெல்ல ஆக்சிடைஸ் ஆகி அனிசிக் ஆசிடா மாறும், அது திடப்பொருள், உருகறதுக்கே 184 டிகிரி வேணும், வாசனையும் கிட்டத்தட்ட இல்ல. அத தூக்கிப் போட வேண்டியதில்ல, கழுவி எடுக்கலாம். நான் செஞ்சது இது தான். சமையல் சோடா உப்ப தண்ணில 5% கரைச்சு, பிரிபுனல்ல பழைய அனிசிக்கோட சேர்த்து மெதுவா குலுக்கினேன், கேஸ் வரும், அதனால அடிக்கடி திறந்து விடணும், மூடிட்டு வேகமா குலுக்கினா மூடி பறந்துடும். ஆசிட் உப்பா மாறி தண்ணிக்குப் போயிடும், அனிசால்டிஹைடு தண்ணிய விட கனம், அடர்த்தி 1.12, அதனால அது கீழ் அடுக்கா நிக்கும், லேப் பழக்கத்துல எண்ணெய்னா மேலதான்னு நினைச்சு மேல் அடுக்க எடுத்து வைக்கறவங்க கவனிக்கணும். கீழ் அடுக்க இறக்கி, ஒரு தடவை வெறும் தண்ணில அலசி, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டுல ராத்திரி முழுக்க வச்சு, வடிகட்டினா தெளிவா வந்துடும். அப்புறம் பாட்டில் கழுத்து வரைக்கும் நிரம்பற மாதிரி சின்ன பாட்டில்ங்கள்ல பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சேன். உள்ள காத்து கம்மியா இருந்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துடும். ஃப்ரிட்ஜ் ரொம்ப குளிரா இருந்தா உறைஞ்சும் போகும், அதோட உறைநிலை பூஜ்யம் டிகிரி பக்கம் தான், அதுல ஒண்ணும் கெட்டுப் போகாது, வெளிய வச்சா இளகிடும். கழுவினதையும் புதுசையும் ப்ளாட்டர்ல, அதாவது மோந்து பார்க்கற காகிதப் பட்டையில, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியல.

அடுத்து பேஸ், அதாவது அடித்தளக் கலவை. 10 கிராம் கணக்குக்கு சொல்றேன், மில்லிகிராம் காட்டற தராசு இருந்தா நல்லது. அனிசிக் 2.2 கிராம், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் 2, ஹெடியோன் 1.7, டெர்பினியோல் 1.2, ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லாலும் லினலூலும் தலா 0.8, அனிசைல் ஆல்கஹால் 0.3, கூமரின் 0.25, பீட்டா அயனோன் 0.2, ஃபினைல் அசிட்டால்டிஹைடு டைமெத்தில் அசிட்டால் 0.15. இதுக்கு மேல சத்தம் ஜாஸ்தியான நாலு பொருள டிபிஜில 10% கரைசலா வச்சுக்கிட்டு, பாரா மெத்தில் அசிட்டோஃபீனோன் கரைசல் 0.2, இண்டோல் கரைசல் 0.1, பென்சால்டிஹைடு கரைசலும் ஹெக்ஸினைல் அசிடேட் கரைசலும் தலா 0.05. கூட்டினா 10 வரும். கூமரின் தூள் அது, முதல்ல ஃபினைல் எத்தில் ஆல்கஹால்ல போட்டு வெதுவெதுப்பான தண்ணில பாட்டில நிறுத்தி கரைச்சுட்டு தான் மத்தத சேர்க்கணும்.

ஒவ்வொண்ணும் எதுக்குன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா வெறும் எண்ண வச்சு ஒண்ணும் கத்துக்க முடியாது. அனிசிக் தனியா இருந்தா பொட்டிக் கடை பாக்கெட் வாசனை, தட்டையா நேரா நிக்கும். டெர்பினியோல் போட்டதும் அது லைலாக் பக்கம் திரும்பி ஒரு காத்தோட்டம் கிடைக்குது. பென்சால்டிஹைடு ரொம்ப முக்கியம், ரோஜா குடும்பத்து பூக்கள்ல அந்த கசப்பு பாதாம் சாயல் அடிக்கடி வரும், ஆனா 5 மில்லிகிராம் தான், 20 போட்டா பிஸ்தா ஐஸ்கிரீம். பாரா மெத்தில் அசிட்டோஃபீனோன் ஹாதார்னுக்கும் மிமோசாங்கற மஞ்சள் பூவுக்கும் நடுவுல இருக்கற சாமான், அனிசிக்கோட இனிப்ப கொஞ்சம் உலர்த்தி, கொஞ்சம் முரடாக்குது, இது இல்லாம செஞ்சு பார்த்தேன், உடனே இளைச்சுப் போச்சு. ஹெடியோன் 1966ல ஓ சோவாஜ்ல வந்ததுல இருந்து எல்லாரும் எல்லாத்துலயும் போடறாங்க, இங்க அதுக்கு வேலை பூவுக்கும் பூவுக்கும் நடுவுல இடைவெளி விடறது. லினலூலும் ஹெக்ஸினைல் அசிடேட்டும் காலைல இலை மேல இருக்கற ஈரம். ஃபினைல் அசிட்டால்டிஹைட நேரா போடாம அதோட அசிட்டால போட்டதுக்கு காரணம், நேரானது பாட்டில்ல இருந்தே கெட்டியாகி பாலிமர் ஆயிடும், அசிட்டால் நிலையா இருக்கும், தேனும் பச்சைத் தண்டும் கலந்த மாதிரி வாசனை.

ஒரு வாரம் மாதிரி மூடி வச்சுட்டு எடுத்தா நல்லாவே இருந்தது. சுத்தமா, மெத்துனு. என் மனைவி மோந்துட்டு, "ரொம்ப நல்லாயிருக்குங்க, குழந்தைக்கு போடற பவுடர் மாதிரி"ன்னா. அவ பாராட்டா தான் சொன்னா, ஆனா எனக்கு அங்கதான் வேலை பாக்கின்னு புரிஞ்சுது. வேலிய பார்த்து யாரும் பவுடர்னு சொல்ல மாட்டாங்க.

இப்ப மீன். ட்ரைமெத்திலமீன நேரா பெர்ஃப்யூம்ல போட முடியாது. சாதாரண சூட்டுல அது கேஸ், கொதிநிலை 3 டிகிரி தான், தீப்பிடிக்கும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், கடையில தண்ணிக் கரைசலா கிடைச்சாலும் வீட்டுல வைக்கற பொருள் இல்ல. கெமிஸ்ட்ரி ஆள்ங்களுக்கு இன்னொரு விஷயம் சுவாரசியமா இருக்கும். மத்த அமீனா இருந்தா, அதாவது மெத்தில் ஆந்த்ரனிலேட் மாதிரி நைட்ரஜன்ல ரெண்டு ஹைட்ரஜன் இருந்தா, அனிசிக் ஆல்டிஹைடோட சேர்ந்து ஷிஃப் பேஸ்ங்கற புது பொருளாகி மஞ்சளா மாறி தண்ணி விடும், ரெண்டோட வாசனையும் மாறிடும். ட்ரைமெத்திலமீன்ல ஹைட்ரஜனே இல்ல, அதனால அனிசிக்க தொடாம பக்கத்துலயே இருக்க முடியுது. பூவுக்குள்ள ரெண்டும் சண்டை போடாம இருக்கறது எனக்கு ரொம்ப அழகா படுது. ஆனா என் பேஸ்ல ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லாலும் இருக்கு, அது காரத்துல தன்னோடேயே ஒட்டிக்கிற ரகம், அதனாலயும் அமீன் வேணாம்.

போட முடியாதுன்னாலும் அது சேர்ந்தா என்ன ஆகும்னு மூக்குக்கு தெரிஞ்சாகணும், இல்லைன்னா எத குறி வச்சு வேலை செய்யறது? அதுக்கு ரஸ்ஸல் மார்க்கெட் மீன் பக்கம் போயி கொஞ்சம் மத்தி வாங்கினேன். கடல் மீன் தான் வேணும், கடல் மீன் உப்புத் தண்ணிய தாக்குப் பிடிக்க உடம்புல ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு வச்சிருக்கும், செத்தப்புறம் பாக்டீரியா அத ட்ரைமெத்திலமீனா மாத்தும், ஏரி மீன்ல அது ரொம்ப கம்மி. மீன்கார அண்ணன்கிட்ட ஃப்ரெஷ்ஷா வேணாம், காலைல வந்தது குடுங்கன்னதும், "பூனைக்கா சார்?"னு கேட்டாரு, ஆமான்னு சொல்லிட்டேன், பூவுக்குன்னு சொல்லி விளக்க அங்க நேரம் இல்ல, பின்னாடி கூட்டம்.

வாய் அகலமான கண்ணாடி ஜாடி, அடியில ஒரு துண்டு மத்தி, மேல மூடியில இருந்து நூல்ல தொங்கற ப்ளாட்டர்ல என் பேஸ் ஒரு சொட்டு, ரெண்டும் தொடக்கூடாது. பால்கனில நிழல்ல மூணு நாலு மணி நேரம். மனைவி அன்னைக்கு ஊர்ல இல்லாத நாளா பார்த்து தான் செஞ்சேன். திறந்து, மீன ஓரமா தள்ளிட்டு, ப்ளாட்டர மட்டும் வெளிய எடுத்து காத்துல ஒரு தடவை வீசிட்டு மோந்தேன்.

அந்த வேலி! அவ்வளவு தான் சொல்லத் தெரியுது. அதே பேஸ், அதே பவுடர், ஆனா அது பவுடரா இல்ல, பூவா இருந்துச்சு, ஈரமா, உயிரோட, கிட்ட போக பயமும் ஆசையும் சேர்ந்து வர்ற மாதிரி. அமீன் தனியா மீனா தெரியற அளவுக்குக் கூட இல்ல, இனிப்புக்கு அடியில ஒரு பாரம் மாதிரி தான் இருந்தது, அதனாலயே இனிப்பு இன்னும் இனிப்பா தெரிஞ்சுது. கால் மணி நேரத்துல போயிடுச்சு, கேஸ் தானே, திரும்ப பவுடர் தான் மிச்சம்.

இது நிஜமா அமீன் தானா, இல்ல மீனோட மத்த வாடையான்னு பார்க்க இன்னொரு ஜாடி வச்சேன், அதுல மத்தியோட ஒரு சின்ன கிண்ணத்துல எலுமிச்சம்பழச் சாறு. அமீன் காரம், புளிப்பு அத உப்பா பிடிச்சு வச்சுக்கும், ஆவியாக விடாது. அந்த ஜாடி ப்ளாட்டர்ல மீன் சாயல் ரொம்ப குறைஞ்சு போச்சு, கொஞ்சம் எண்ணெய் காறல் மட்டும் இருந்தது. நம்ம வீட்டுல மீன புளித்தண்ணில கழுவறதும், மீன் குழம்புக்கு புளி தாராளமா கரைக்கறதும் இதே கணக்கு தான், அம்மா கைக்கு இது எந்த லேப்லயும் படிக்காம தெரியும்.

குறி தெரிஞ்சாச்சு. இனி அதே இடத்துல உட்காரக்கூடிய, பாட்டில்ல நிலையா இருக்கற பொருள் எதுன்னு தேடற வேலை. இதுல தான் அதிக நேரம் போச்சு, சொல்ல நிறைய இருக்கறதும் இதுல தான்.

முதல்ல இண்டோல். மல்லிப்பூவுல இருக்கறது, சாயங்காலம் வச்ச பூ மறுநாள் காலைல தலகாணில விட்டுட்டுப் போற அந்த கனமான வாடை அது தான். கரைசல 0.1ல இருந்து 0.3க்கு ஏத்தினேன், அதாவது 10 கிராமுக்கு சுத்தமான இண்டோல் 30 மில்லிகிராம். உடல் வந்துடுச்சு, ஆழம் வந்துடுச்சு, ஆனா வேலி போயி மல்லிச் சரம் வந்துடுச்சு. தமிழ் மூக்குக்கு இண்டோல் கொஞ்சம் தூக்கினாலே அது மல்லியத் தவிர வேற எதுவாவும் தெரியாது, வெளிநாட்டு ஃபார்முலாவ அப்படியே எடுக்கறவங்க இத மனசுல வச்சுக்கணும். 0.2க்கு இறக்கினேன், அங்க மல்லி அடங்கிடுச்சு.

அப்புறம் பாரா கிரெசில் அசிடேட், நார்சிசஸ் பூவுக்கு போடறது, குதிரை லாயம் வாடை. 1% கரைசல் 0.1 கிராம், அதாவது ஒரே ஒரு மில்லிகிராம். பண்ணை வாசனை வந்தது, இது மிருகத்தோட சூடு, எனக்கு வேண்டியது ஈரமான குளிர்ச்சி. முழுசா எடுத்துட்டேன்.

கடைசியா ஒரு நண்பர் எப்பவோ குடுத்த சின்ன கண்ணாடிக் குப்பில கடல்பாசி அப்சல்யூட் (கரைப்பான் வச்சு எடுக்கற கெட்டியான வாசனைச் சாறு) இருந்தது, கரும்பச்சையா தார் மாதிரி. உப்பு, அயோடின், மீன்பிடி துறைமுகம் எல்லாம் சேர்ந்த வாசனை. டிபிஜில அது சரியா கரையல, ஆல்கஹால்ல 1% பண்ணி, அடியில நின்ன மெழுகு மாதிரி சமாச்சாரத்த வடிகட்டிட்டு, 0.05 கிராம் போட்டேன். ஒண்ணும் தெரியல. 0.1 போட்டேன், பேஸ் அடியில ஏதோ அசைஞ்சுது. 0.15ல அந்த ஜாடி ப்ளாட்டரோட சாயல் வந்தது, முழுசா இல்ல, முக்கால்வாசி. 0.2ல மெரினா. அதனால 0.15. இண்டோல் 0.2ம் இதுவும் சேரும் போது ஒண்ணு இன்னொண்ண மறைக்குது, மல்லின்னும் சொல்ல முடியல, கடல்னும் சொல்ல முடியல, அந்த இடைவெளில தான் ஹாதார்ன் நிக்குது. ரெண்டும் கூடின அளவ ஃபினைல் எத்தில் ஆல்கஹால்ல இருந்து கழிச்சேன், 2 கிராம் 1.75 ஆச்சு.

இத எல்லாம் பார்க்கும் போது ஒரு சின்ன பழக்கம் உதவும், ப்ளாட்டர மூக்குகிட்ட கொண்டு போகாம மேஜை மேல நிறுத்தி வச்சுட்டு ரூமுக்கு வெளிய போயி திரும்ப உள்ள வரணும். இந்த மாதிரி அழுக்கு நோட் கிட்டத்துல ஒரு மாதிரியும் காத்துல ஒரு மாதிரியும் இருக்கும், பூ வேலை செய்யறது காத்துல தான்.

ரெண்டு வாரம் மாதிரி ஊறப் போட்டதுல கலர் லேசா இளஞ்சிவப்பு சாய்ஞ்ச மஞ்சளா மாறிச்சு, இண்டோலும் ஆல்டிஹைடும் ஒண்ணா இருந்தா இது நடக்கும், வாசனைக்கு கெடுதல் இல்ல, வெள்ளைத் துணில படாம பார்த்துக்கணும். நாலு நாள் கழிச்சும் ப்ளாட்டர்ல அனிசைல், கூமரின் அடிவாசனை இருந்தது, அழுக்கு சாயல் முதல் நாள்லயே மங்கிடுது, அது சரி தான், பூவும் அப்படித்தான்.

என் அக்கா லெஸ்டர்ல இருக்கா, டிசம்பர் லீவுக்கு ஹலசூர் வீட்டுக்கு வந்தப்போ என்னன்னு சொல்லாம ரெண்டு ப்ளாட்டர் குடுத்தேன், ஒண்ணு சுத்தமான பேஸ், ஒண்ணு இது. முதல்ல இருந்தத, "பாண்ட்ஸா?"ன்னா. ரெண்டாவத மோந்துட்டு முகத்த சுளிச்சா, திரும்ப மோந்தா, "டேய், இது எங்க கெனால் ஓரமா வருமேடா, மே மாசம், ஸ்கூலுக்கு பிள்ளைங்கள விடப் போற வழியில"ன்னா. அப்புறம் அந்த ப்ளாட்டர கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டா. பாய் கடையிலயும் ஒரு சொட்டு காட்டினேன், அவருக்கு பிடிக்கல, "முதல்ல பண்ணினத குடு, அது விக்கும்"னாரு. விக்கறதுக்கு அவர் சொல்றது தான் சரி.

தோல்ல போடறதுக்கு ரெண்டு வார்த்தை. இதுல இருக்கற அனிசைல் ஆல்கஹால், கூமரின், ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால், லினலூல் நாலும் ஐரோப்பாவுல லேபிள்ல எழுதியே ஆகணும்னு வச்சிருக்கற அலர்ஜி பொருள் பட்டியல்ல இருக்கு, ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லாலுக்கு இஃப்ரா (வாசனைத் தொழிலோட உலக சங்கம்) அளவு வரம்பும் உண்டு. அதனால இந்த கான்சன்ட்ரேட்ட நேரா பூசக்கூடாது, நான் 5% தான் வச்சேன். எத்தனால் நம்ம ஊர்ல எக்சைஸ் விவகாரம், மொத்தமா வாங்க லைசன்ஸ் வேணும், அதனால வீட்டு உபயோகத்துக்கு ஐசோப்ரொப்பில் மைரிஸ்டேட்ல கலந்து ரோல்-ஆன் பாட்டில்ல போட்டேன், மணமில்லாத மெல்லிசான எண்ணெய், தோல்ல பிசுபிசுக்காது. எண்ணெய்ல போட்டா மேல் பச்சை வாசனை கொஞ்சம் அமுங்கும், அதுக்காக ஹெக்ஸினைல் அசிடேட் கரைசல மட்டும் 0.05ல இருந்து 0.08 ஆக்கினேன். பெங்களூர் காலைக் குளிருக்கு இது ரொம்ப நல்லா திறக்குது, ஏப்ரல் மதியத்துல அனிசிக் மட்டும் முன்னாடி வந்து நிக்கும், அந்த நேரத்துக்கு இது இல்ல.

அடுத்து முயற்சி பண்ணப் போறது ஊட்டி சீகை மரம். வாட்டில்னு சொல்வாங்களே, மஞ்சளா பஞ்சு உருண்டை மாதிரி பூக்கறது, வெள்ளைக்காரன் கொண்டு வந்து நட்டது சோலைக் காட்டையும் புல்வெளியையும் தின்னுட்டு பரவுது. அதே இனத்து பூவுல இருந்து தான் மிமோசா அப்சல்யூட் எடுக்கறாங்க, நம்ம நாட்டு சரக்கே மார்க்கெட்ல கிடைக்குது. தேன், வைக்கோல், வயலட், கொஞ்சம் வெள்ளரி பச்சை, எல்லாமே ஹாதார்னுக்கு சொந்தக்கார வாசனை. பீட்டா அயனோனையும் கூமரின்ல பாதியையும் எடுத்துட்டு அந்த இடத்துல 10% மிமோசா கரைசல் 0.4 கிராம் போடலாம்னு இருக்கேன், அது கெட்டியான மெழுகு மாதிரி இருக்கும், வெதுவெதுப்பா இளக்கி எடை போடணும். கடல்பாசி அளவ அப்போ திரும்ப முதல்ல இருந்து பார்க்கணும், ஏன்னா மிமோசாவுக்கே அடியில ஒரு பச்சை ஈரம் உண்டு, 0.15 அங்க ஜாஸ்தியா போகலாம்.